பீரோவுக்குள் எரியும் பச்சை விளக்கு

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
ஜனவரி 7.

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு,

நிர்மலா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். ஏனாமில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, ஆற்றுக் காற்றில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே “சரி விடு நிர்மலா” என்று சொல்லிவிடுகிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. முடிகிறவரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். அது மட்டுமில்லை, நான் போனில் பேசினால் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கிறதாம். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் சொல்கிறாள். அவள் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் உங்கள் மாற்றலை ரத்து செய்து, திரும்பப் புதுச்சேரிக்கே வர ஏற்பாடு செய்வதாக ஹெட்மாஸ்டர் ஆதிமூலம் சார் சொன்னார் என்று நேற்று சொன்னீர்கள். எழுதலாமா வேண்டாமா என்று என்னையே கேட்டீர்கள். எழுதிக் கொடுங்கள். அனுமதி வாங்காமல் எடுத்தது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. அதனால் உங்கள் தலையிலிருந்து கிரீடம் ஒன்றும் கழன்று விழப்போவதில்லை. கொடுத்துவிட்டு ஊர் வந்து சேருங்கள்.

இதை நான் சந்தோஷமாகச் சொல்லவில்லை. நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். மீதியை உங்கள் பள்ளிக்கூடத்துப் பூர்ணிமா டீச்சரிடமும் குஞ்சம்மாளின் மகள் இனியாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பள்ளிக்கூட நூலகங்களுக்கு இன்டர்நெட் கொடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்கி, உங்கள் பள்ளிக்கும் லைன் வந்த அன்று நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். சாமியானா, மேளம், பேனர், பொன்னாடை. அந்த வைஃபை பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, தேங்காய் உடைத்து, சூடமும் காட்டினார்கள். சூடத் தட்டு ஒயர் பக்கம் போனபோது நீங்கள் பதறிப்போய் கையை நீட்டியதை நான் பார்த்தேன். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் பெட்டி ஹெட்மாஸ்டர் அறை இரும்பு பீரோவுக்குள் போய்விட்டது.

அதுவும் எப்படி? பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டிருக்கிறார்கள். ஓட்டை போட வெல்டிங் பட்டறையிலிருந்து ஆள் வந்திருக்கிறான். அதற்குத் தனியாக ஒரு பில் வைத்து அதுவும் பாஸாகியிருக்கிறது. இரண்டு வருடமாக அந்தப் பச்சை விளக்கு பூட்டிய பீரோவுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அதற்குத் துணையாக தேசியக் கொடி, விளையாட்டு விழாக் கோப்பைகள், ஹெட்மாஸ்டரின் பிரஷர் மாத்திரை. இரும்புக்குள் அடைத்தால் நெட் எப்படி வெளியே வரும்? பீரோ திறந்திருந்தால் அந்த அறைக்கும் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்துக்கும் கிடைக்குமாம். மூடினால் அதுவும் கிடையாது. நூலகத்துக் கம்ப்யூட்டர்கள் உறை போட்டபடி உட்கார்ந்திருக்கின்றன. ஆயுத பூஜைக்கு உறையைத் துவைக்கிறார்கள்.

அதிகாரிகள் பார்வையிட வந்தால் பீரோ திறக்கும். அவர்கள் ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே தங்கள் போனை எடுத்துப் பார்ப்பார்கள். நெட் பிரமாதமாக வரும். நன்றாக இயங்குகிறது என்று எழுதிவிட்டு மிக்சர் தட்டைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். நூலகம் வரைக்கும் நடந்துபோய்ப் பார்க்க ஒருவருக்கும் கால் வரவில்லை.

ஆதிமூலம் சாருக்கு ஒரு பயம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். அவருக்கு முன்னால் இருந்த ஹெட்மாஸ்டர் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் திருடு போய், பொருள் அவர் பெயரில் இருந்ததால் ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்த மனிதர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தே போய்ச் சேர்ந்தார். இவர் மார்ச்சில் ரிட்டையர் ஆகிறவர். ஒரு சாமானும் குறையவில்லை என்று சான்று வாங்கினால்தான் பென்ஷன். பயப்படட்டும். பயத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும், பெட்டியை ஏன் பூட்ட வேண்டும்? உங்கள் ஏனாம் பள்ளிக்கூடத்தில் அதே பெட்டி நூலகச் சுவரில் தொங்குகிறது என்று சொன்னீர்கள். எந்தத் திருடன் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனான்?

நம் தெருப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை. மெயின் ரோட்டில் புதிதாக வந்த பாரில் வருகிறவர்களுக்கெல்லாம் நெட் இலவசம். அந்தச் சுவரை ஒட்டிப் பெண்பிள்ளைகள் நின்று பழைய கேள்வித்தாளும் பாட வீடியோவும் இறக்கிக்கொள்கிறார்கள். பாடத்திட்டம் மாறினதிலிருந்து எல்லாமே நெட்டில்தான் இருக்கிறதாம். வெளியூரிலிருந்து குடிக்க வருகிறவன் போகிற போக்கில் இனியாவைப் பார்த்துக் கேட்டதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். குடிக்க வருகிறவனுக்குக் கொட்டிக் கிடக்கிறது, படிக்க வருகிறவளுக்கு பீரோ. இது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் செய்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. ஹெட்மாஸ்டர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனபோது சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அறிவியல் வாத்தியார், நூலகத்துக்கும் பொறுப்பு, நம்பிக்கையான ஆள். நீங்கள் பெட்டியை வெளியே எடுத்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து நூலகத்தில் வைத்தீர்கள். அந்த வாரம் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை என்று பூர்ணிமா டீச்சர் சொல்கிறார். வாரக் கடைசியில் மழை, இடி. பெட்டி கருகிப்போனது. உங்கள் கைக்காசில் புதிது வாங்கி வைக்கிறேன் என்றீர்கள். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் நம்பர் வேறாக இருக்குமாம், அரசாங்கச் சொத்து ஆகாதாம். அனுமதியின்றி எடுத்துச் சேதப்படுத்தினார் என்று எழுதி, நிர்வாகக் காரணம் என்று சொல்லி உங்களை ரயில் ஏற்றிக் காக்கிநாடாவில் இறக்கி, ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கிற நம் ஏனாமுக்கு பஸ் பிடிக்க வைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் பூட்டி வைத்தவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் திறந்து வைத்தவருக்கு ஏனாம்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் மழைக்காலத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். போகட்டும்.

வீட்டு விஷயம். பொங்கலுக்குத் தைக்க ரவிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. ஒருத்தி அளவு ரவிக்கை கொடுக்காமல் போன வருஷத்து அளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள், அவளைப் பார்த்தால் போன வருஷத்து அளவாகத் தெரியவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறதாம், கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்கிறார்கள். நாள் குறித்துச் சொல்வார்கள். பிள்ளை தங்காத இடத்தில் கட்டிக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

செய்முறைத் தேர்வு முடிகிறவரை உங்களுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம், நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்த நாலு வரியை எழுதிக் கொடுங்கள். பொங்கல் கழிந்ததும் நானே பள்ளிக்கூடத்துக்குப் போய், எப்படி எழுத வேண்டும் என்று ஆதிமூலம் சாரிடம் கேட்டு உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
நிர்மலா

***

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
ஜனவரி 22.

அன்புள்ள உங்களுக்கு,

நிர்மலாதான். நலம். பொங்கல் நல்லபடியாக ஆனது. தனியாக ஒரு ஆளுக்குப் பானை வைப்பதா என்று இருந்தேன், குஞ்சம்மாள் விடவில்லை. அவள் வீட்டு வாசலில் இரண்டு பானையாக வைத்தோம். அவளுடையது முதலில் பொங்கியது. அந்தப் பெருமையை இன்னும் அவள் விடவில்லை.

போன கடிதத்தில் எழுதச் சொன்னேனே, அந்த மன்னிப்புக் கடிதம், அதை எழுதிவிடாதீர்கள். எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படியுங்கள். நேற்று போனில் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன், ஆனால் எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்ததால் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆதிமூலம் சாரைப் பார்க்கப் போனேன். மனிதர் மரியாதைக்குக் குறைவில்லை. “வாங்கம்மா, உக்காருங்க, பொங்கலெல்லாம் ஆச்சா, சார் எப்படி இருக்காரு, தண்ணி ஒத்துக்குதா” என்று அக்கறையாகத்தான் விசாரித்தார். டீ வரவழைத்தார். நானும் பணிவாக, கடிதம் எப்படி எழுத வேண்டும் சார், நீங்கள் சொன்னால் அவருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஆடிட்டுல கேக்கறாங்கம்மா. ரெண்டு வருஷமா லைனுக்குப் பணம் போயிருக்கு, பசங்க பாத்த கணக்கே இல்லியே, ஏன்னு. யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும் இல்லியா. நூலகப் பொறுப்பு உங்க வீட்டுக்காரரு அன்பழகன் சார்கிட்டதானே இருந்துச்சு. பெட்டி மொதல்லேருந்து என் கஸ்டடிலதான் பூட்டி வெச்சிருந்தேன், பசங்களுக்கு விடலைன்னு ஒரு வரி எழுதிட்டாருன்னா முடிஞ்சு போச்சு. கண்டிச்சு விட்டுருவாங்க, பெரிசா ஒண்ணும் ஆவாது. நானும் நிம்மதியா ரிட்டையர் ஆயிருவேன், அவரும் ஊருக்கு வந்துருவாரு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். குரல்கூட மாறவில்லை. அனுமதி இல்லாமல் எடுத்தேன் என்று எழுதச் சொல்வார் என்றுதானே நான் போனேன். எடுத்ததற்கு மன்னிப்பு இல்லையாம். பூட்டியதற்கு மன்னிப்பாம். பூட்டியது நீங்களாம்.

பூட்டினது யார் சார் என்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப பேசி இன்னாம்மா ஆவப்போவுது” என்றார். யார் என்று மறுபடியும் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதாகவும், இந்த நேரத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம் என்றும் மெதுவாகச் சொன்னார். அதை யார் அவரிடம் சொன்னார்கள்? நீங்கள் லீவு கேட்டபோது காரணம் எழுதியிருப்பீர்கள், அது அங்கே சுற்றி இங்கே சுற்றி இவர் காதுக்கும் வந்திருக்கிறது. என் வயிற்றில் இருக்கிற கட்டியை வைத்து உங்களிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். 

நான் டீயை மறுபடி கையில் எடுக்கவும் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். மாத்திரை எடுக்க பீரோவைத் திறந்தார். உள்ளே காட்டி, “பாருங்கம்மா, புதுப் பெட்டி குடுத்திருக்காங்க, எவ்ளோ பத்திரமா இருக்கு” என்றார். இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய பெட்டியின் பாஸ்வேர்டையே இதற்கும் போடச் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் அவர் போனில் மறுபடியும் மாற்ற வேண்டுமே. பெட்டி நூலகத்தில் இருந்த அந்த ஒரு வாரத்திலேயே அது பிள்ளைகளுக்குத் தெரிந்துபோயிருக்கிறது.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ரிப்பன் கட்டின தலைகள் வரிசையாக வந்து கீழே உட்கார்ந்தன. பீரோ திறக்கிற சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்கள். மாத்திரை நேரம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இனியா என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். ஆளுக்கொரு போனை மடியில் வைத்துக்கொண்டு அவசர அவசரமாகத் தேய்க்கிறார்கள். அப்பாவுடைய போன், அண்ணனுடைய போன், கண்ணாடி உடைந்த போன். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம், அது எனக்கும் தெரியும். பாருக்கு வெளியே நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் யாரும் போடவில்லை.

ஆதிமூலம் சார் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு பீரோவை மூட வந்தார். நான் நாற்காலியை இழுத்து, திறந்திருந்த கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி போட்டு உட்கார்ந்துவிட்டேன். “கொஞ்சம் நவுந்துக்கிறீங்களாம்மா” என்று கேட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது சார், எழுந்திருக்க முடியவில்லை என்றேன். அது பொய்யில்லை. அந்த நேரம் நிஜமாகவே வலித்தது. பொம்பளையைத் தொட்டு நகர்த்த முடியுமா, பாவம், நின்றுகொண்டே இருந்தார்.

அப்புறம் நான் பேசினேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சரி விடு என்று சொல்லியிருப்பீர்கள், நல்ல காலம், நீங்கள் அங்கே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். நீங்கள் சோதனைக்கூடத்துக்கு நம் வீட்டு வினிகரைக் கொண்டுபோனது, பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தது, ஒரு நாள்கூட சுண்ணாம்புக்கட்டியை வீட்டுக்குக் கொண்டுவராதது எல்லாவற்றையும் சொன்னேன். அரசாங்கம் பணம் கொடுத்தது உங்கள் பீரோவுக்கா சார், பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். ஒவ்வொரு மாதமும் லைனுக்குக் கட்டுகிற பணம் யாருடையது, நான் வாங்குகிற ஊசி நூலுக்கும் சேர்த்துக் கட்டுகிற வரிதானே என்று கேட்டேன். முன்னால் இருந்தவர் பென்ஷன் இல்லாமல் செத்தது அநியாயம், அதற்காக நீங்கள் சண்டை போட்டீர்களா சார், இல்லை, பூட்டு வாங்கினீர்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். எதைச் சொல்கிறேன் என்பதைவிட எழுந்திருக்காமல் இருப்பதுதான் முக்கியம் என்று ஆகிவிட்டது. பள்ளி விடுகிற மணி அடித்த பிறகுதான் எழுந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “எனக்கும் தெரியும்மா. ஆனா எனக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு.” அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டமாக இருந்தால் என்ன செய்வது? அவருக்கு இரண்டு மாதம். இனியாவுக்குப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. யார் அவசரம் பெரிய அவசரம்?

சாயங்காலம் இனியா வந்தாள். மூன்று வருடக் கேள்வித்தாள் இறக்கிவிட்டாளாம். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாளாம். பார் சுவரில் நின்று நாலு முறை போட்டு, நாலு முறையும் பாதியில் நின்றுபோன விண்ணப்பம். “அத்தை, நாளைக்கும் சண்ட போட வருவீங்களா” என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் கேட்டுவரச் சொன்னார்களாம்.

போனேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். ஒரு நாள் உங்கள் பழைய சம்பளச் சான்று வேண்டும் என்றேன், ஒரு நாள் மாற்றல் உத்தரவின் நகல் வேண்டும் என்றேன். எல்லாம் பீரோவில்தானே இருக்கிறது, திறந்துதானே ஆக வேண்டும். நாற்காலி எங்கே போடுவேன் என்று இப்போது அவருக்கே தெரியும். நேற்று நான் உள்ளே நுழைந்ததும் அவரே பீரோவைத் திறந்துவிட்டு, மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார்.  நானும் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கெல்லாம் மனம் உருகி அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் கேட்ட அந்த வரியை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். மில்லில் பாவாடை என்று அவர் பெயரைச் சொன்னாலே ஷிப்டே பயப்படும் என்பார்கள். அந்த மனிதர், என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று மற்றவர்கள் எழுதி வைத்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது, அதற்காகப் போட்டார். அதற்குப் பிறகு அவர் மில் தெரு வழியாகப் போனதே இல்லை. மார்க்கெட்டுக்குப் போவதற்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். எனக்காக ஒரு ஆண்பிள்ளை பொய்யில் கையெழுத்துப் போட்டது ஒரு தடவை போதும். இரண்டாம் தடவை என்னால் தாங்க முடியாது.

நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? கருவடிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் நெட் கிடைக்காமல் செய்தது அன்பழகன் சார் என்று அரசாங்கத்தில் எழுதிவைத்துவிடுவார்கள். பெட்டியை வெளியே எடுத்த ஒரே ஆளான நீங்கள் பெட்டியைப் பூட்டிய ஆள் ஆகிவிடுவீர்கள். பூட்டியவருக்கு வழியனுப்பு விழாவில் மாலை போடுவார்கள். அடுத்து வருகிற ஹெட்மாஸ்டரும் இதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு பூட்டு வாங்குவார். இனியா உங்களைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டாள், நல்ல பெண். ஆனால் நீங்கள் தெருவில் அவளுக்கு எதிரே நடந்து வர முடியாது. உங்களை எனக்குத் தெரியும்.

எழுதத்தான் வேண்டும் என்றால் கேட்கிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எடுத்தேன், எதற்காக எடுத்தேன், இடியில் போனது, அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று எழுதுங்கள். பூர்ணிமா டீச்சர் தானும் எழுதித் தருகிறேன் என்கிறார். முதலில் பயந்தார், இரண்டு நாள் யோசித்துவிட்டு வீட்டுக்கே வந்து சொன்னார். அதனால் ஏனாமிலேயே இன்னும் எத்தனை வருடம் போட்டாலும் போடட்டும். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே வந்துவிடுகிறேன். தெலுங்குப் பெண்களும் ரவிக்கை போடத்தானே செய்கிறார்கள்.

எனக்கு நாள் குறித்துவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை கதிர்காமத்தில் சேர்கிறேன், புதன்கிழமை ஆபரேஷன். பெரிய விஷயம் இல்லையாம், நிறையப் பேருக்குச் செய்கிறார்களாம், டாக்டரம்மா நன்றாகத்தான் பேசுகிறார். நான் படுத்திருக்கும் நாட்களில் ஹெட்மாஸ்டர் அறைக்குக் குஞ்சம்மாள் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு என்ன சான்று கேட்பது என்று தெரியவில்லை, போய் உட்காருகிறேன், தானாக வரும் என்கிறாள். அவள் குரலுக்கு ஆதிமூலம் சார் பீரோவோடு சேர்த்துக் கதவையும் திறந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். வெளியூரில் இருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்று அந்த நர்ஸ் கேட்டார். தெரியாது என்றேன். சரிம்மா, நீங்களே போடுங்கள் என்று தாளைத் திருப்பி வைத்தார். போட்டுவிட்டேன். எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, ஆனாலும் செல்லும் என்றார்கள்.

என்னை நினைத்துக்கொண்டு நீங்கள் அங்கே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இது ஒன்றைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். புதன்கிழமை காலையில் மட்டும் போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கடவுள் துணை. எனக்குக் குஞ்சம்மாள் இருக்கிறாள்.

உங்கள்,
நிர்மலா